தற்குறி

கல்லாதவரை இகழ நாம் எடுத்தாளும் சொற்களுள் ஒன்று தற்குறி. அச்சொல் பிறந்தபோது அதில் இகழ்ச்சி இருக்கவில்லை. தன் என்பதும் குறி என்பதும் புணர்ந்து தற்குறி ஆயிற்று. தனக்குரிய அடையாளம் என்பதே அதன் பொருள்.

இடைக்காலத் தமிழ்ச் சாசனங்களின் இறுதியில், இது இன்னாருடைய எழுத்து எனச் சாட்சிகள் ஒப்பமிட்டிருப்பதைக் காணலாம். எழுதத் தெரியாதவர் தமது குறியைக் கீறுவார். அது அவருடைய தற்குறியே என்பதற்கு எழுத்தறிந்த ஒருவர் சான்றளிப்பார். எழுத்து செய்த பணியையே அக்குறியும் செய்தது. பின்னாளில் குறியைச் சுட்டிய சொல் அதனை இட்டவரைச் சுட்டி, வசையாகவும் இழிந்தது.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நடைபெற வேண்டுமென விதித்தது. மோசடியைத் தடுக்க வந்த இவ்விதி எழுத்தறியாதவரைப் பிறரின் நேர்மையை நம்பி நிற்கவும் வைத்தது. மகளுக்குச் சீதனம் எழுதும் தாய் தனக்கு வாசிக்கத் தெரியாத தாளிலே புள்ளடி இடுகிறாள். வளவு கைமாறிவிடுகிறது. தாளில் உள்ளதுதான் அவளுக்குச் சொல்லப்பட்டதா? இதனாலன்றோ 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், வாசிக்க இயலாதவருக்கு உறுதியைச் சாட்சிகள் முன் வாசித்து விளக்குவதை நொத்தாரிசின் கடமையாக்கியது!

புள்ளடியை யாரும் இடலாம். விரல்ரேகையோ ஒருவருக்கே உரியது. 1858இல் வங்காளத்தின் ஜுங்கிப்பூரில், வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கோனாய் என்பவரின் உள்ளங்கை அச்சைப் பதிப்பித்தார். பிற்காலத்தில் அது என் ஒப்பமன்று என அவர் மறுக்காதிருக்கவே இவ்வேற்பாடு. கோனாய் எழுத்தறியாதவர் அல்லர்; அவ்வொப்பந்தத்தைத் தம் கையாலேயே எழுதியவர். 1877இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் ஹேர்ஷல் விரலடையாளம் பெற்றார். கற்றவரின் கையெழுத்தையே ஐயுற்றுப் பிறந்த முறை, காலப்போக்கில் கல்லாதவரின் கைநாட்டாகிவிட்டது.

ரேகை ஆளைக் காட்டும். அவர் விளங்கித்தான் வைத்தாரா என்பதைக் காட்டாது. அதற்கு வாசித்துச் சொல்பவரின் வாய்மை ஒன்றே சான்று. இன்று கடவுச்சீட்டுக்காகப் பட்டதாரியும் விரல் பதிக்கிறார். அவரை எவரும் தற்குறி என்பதில்லை. குறியிட்ட கையை இகழ்வதற்கு முன், அக்கைக்கு உண்மையை வாசித்துச் சொன்னோமா என்று எழுத்தறிந்த நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.