தோமா மாதிரி இருக்காதே

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயில் பரங்கிமலையில் நிற்கும்போதெல்லாம் ஒரு பழைய திட்டு ஞாபகத்துக்கு வரும். ஓய்வுநாள் பள்ளியில் நான் கேள்வி கேட்டால் "தோமா மாதிரி இருக்காதே" என்பார்கள். அந்தத் தோமாவின் பேர்தான் இந்த மலைக்கு என்பது அப்போது உறைக்கவில்லை.

வளர்ந்த பிறகு யோவான் நற்செய்தியைப் பொறுமையாகப் படித்தேன். மற்ற மூன்று நற்செய்திகளில் தோமா வெறும் பட்டியலில் ஒரு பெயர். யோவானில் மட்டும்தான் வாய் திறக்கிறார், அதுவும் மூன்று சந்தர்ப்பங்களில். யூதேயாவுக்குப் போனால் இயேசுவைக் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று சீடர்கள் தயங்கும்போது, நாமும் போய் அவரோடு சாவோம் என்கிறவர் இவர்தான். கடைசி இரவில், நீங்கள் போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறவரும் இவரே. மற்றவர்களுக்கும் அது புரிந்திருக்காது. ஆனால் கேட்டது இவர் ஒருவர்தான்.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த காட்சி: காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். இதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. மற்ற சீடர்கள் அந்தக் கைகளையும் விலாவையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அன்று தோமா அங்கே இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் இவரும் கேட்டார், கூடவே தொட்டுப் பார்க்கவும். தொட்டாரா என்று யோவான் சொல்லவே இல்லை. பார்த்ததும் கடவுளே என்று அழைக்கிறார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரின் மலையில் நமக்குக் கிடைக்கும் ஆதாரம் என்ன? அவர் 52இல் கேரளத்துக்கு வந்து, 72இல் இங்கே ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. மூன்றாம் நூற்றாண்டின் 'தோமாவின் பணிகள்' என்ற சிரியாக் நூல் கொண்டபோரஸ் என்ற இந்திய அரசனைப் பற்றிச் சொல்கிறது. அவனுடைய நாணயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரையில் தோமாவின் கல்லறை இருப்பதாக எழுதினார். 1547இல் மலையில் போர்ச்சுகீசியர்கள் ஒரு கற்சிலுவையைக் கண்டெடுத்தார்கள். தோமாவே செதுக்கியது என்பார்கள். அதைச் சுற்றியுள்ள பஹ்லவி எழுத்துகளோ, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

ஆக, பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியருக்கு வெகு காலம் முன்பே இங்கே இருந்திருக்கிறார்கள். அதற்குக் கல் சாட்சி. தோமா வந்ததற்கு நினைவுதான் சாட்சி. இரண்டும் ஒன்றில்லை.

போன மாதம் படியேறும்போது என் மகள் கேட்டாள்: "அவரு நிஜமாவே இங்க வந்தாராப்பா?"

"வந்தார்னு ரொம்ப காலமா சொல்றாங்க. எனக்கு உறுதியாத் தெரியாதும்மா," என்றேன். பின்னால் வந்த என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. மகள் விடவில்லை. "அந்தச் சிலுவையைக் கிட்டப் போய்ப் பாக்கலாமா?"

போய்ப் பார்த்தோம்.