உள்ளீட்டுச் சரிபார்ப்பின்மை

இணையப் படிவத்தில் வரும் தகவலைச் சோதிக்காமல் சர்வர் ஏற்பதால் உண்டாகும் பாதுகாப்புக் குறை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி விவசாயிக்குப் பட்டாவும் பயிர்க் காப்பீடும் இன்று இ-சேவை மையத்துப் படிவங்கள் வழியாகவும் கிடைக்கின்றன. ஆகவே இது நகரத்து நிரலாளரின் கவலை மட்டுமல்ல. சர்வே எண்ணுக்கான கட்டத்தில் 112/2ஏ போன்ற வடிவம்தான் வர வேண்டும். எதையும் ஏற்கும் நிரல், அந்த உள்ளீட்டை அப்படியே தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் கட்டளையோடு ஒட்டினால், ஒரு மேற்கோள்குறியும் சில சொற்களும் போதும்: தரவுத்தளம் ஊரார் பதிவுகள் அனைத்தையும் கொட்டிவிடும். 1998இல் ‘ஃபிராக்’ என்னும் ஹேக்கர் இதழ் விவரித்த இந்த உத்தி இன்னும் பலிப்பது வேதனைக்குரியது.

வடிவத்தைச் சோதிப்பது மட்டும் போதாது. 2021இல் ரயில் பயணச்சீட்டுக்கான ஐஆர்சிடிசி தளத்தில் பரிவர்த்தனை எண்ணை மாற்றி அனுப்பினால் பிறரின் பயண விவரம் தெரிவதைச் சென்னைப் பள்ளி மாணவர் ஒருவர் கண்டறிந்து, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தார்; குறை சரிசெய்யப்பட்டது. எண்ணின் வடிவம் சரியாக இருந்தும், அது யாருக்கு உரியது என்பதைச் சர்வர் பார்க்கவில்லை.

உலாவியில் மட்டும் வைக்கும் சோதனை காவலாகாது. அதைத் தாண்டிச் சர்வருக்கு நேரடியாகவே கோரிக்கை அனுப்பலாம். வடிவம், நீளம், உரிமை மூன்றையும் சர்வரே சோதிக்க வேண்டும். உள்ளீட்டைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி மதிப்பாகவே தரவுத்தளத்துக்கு அனுப்ப வேண்டும்.