உண்டு உறைவிடப் பள்ளியும் பழங்குடிக் குடும்பமும்: அரசு உதவி வந்த வழி

ராஜா அண்ணாமலைபுரத்துக் கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களின் அரசு இல்லங்கள் இருக்கின்றன. அதே வட்டாரத்தில்தான் அம்பேத்கர் மணிமண்டபமும். இந்தச் சாலையில் குடியிருப்போர் ஒரு கோப்பில் கையெழுத்திட்டால் கல்வராயன் மலை விடுதியில் சாப்பாட்டுத் தொகை கூடும். அந்தப் பணத்தின் கணக்கில் பிள்ளையின் வீட்டுக்கு எப்போதாவது இடம் இருந்ததா என்பதே இங்கு ஆராயப்படுவது.

தொடக்கம் பரிவில் இல்லை. 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் எழுந்த குடியிருப்புகளில் பள்ளிக்கூடம் கண்காணிப்பின் ஒரு பகுதி. ஒடுக்கப்பட்டோர் நலம் 1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949இல் அரிசன நலத்துறைக்குப் போனது. தமிழகத்தில் பழங்குடியினருக்கென்று தனி இயக்ககம் அமைய 2000 வரை ஆயிற்று. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 7,94,697 பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. தேர்தல் கணக்கில் தெரியாத இந்த எண்ணிக்கையும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பேன்.

உதவித்தொகையோ உச்சியிலிருந்து கீழே இறங்கி வந்தது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான மத்திய உதவித்தொகை 1944இல் பட்டியல் சாதியினருக்குத் தொடங்கி, பின்னர் பழங்குடியினருக்கும் விரிந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அப்படியொன்று வந்தது 2012 ஜூலையில். மேலே படிக்கப் பணம் இருந்தது. பத்தாவது வரை வந்து சேர்ந்தவர்கள்தாம் குறைவு. உண்டு உறைவிடப் பள்ளிகளில் உணவும் இடமும் இலவசம் என்பது உண்மை. ஆனால் அந்தச் செலவு பள்ளியோடு நின்றுவிடும்.

2012இல் நிர்ணயித்த தொகையைப் பாருங்கள்: விடுதி மாணவருக்கு மாதம் 350 ரூபாய், அதுவும் 10 மாதத்துக்கு, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000. ஆக 4,500. மீதி இரண்டு மாதம் பிள்ளை வீட்டில்தான் சாப்பிடும், அந்தச் சோறு வீட்டின் பொறுப்பு. தமிழக அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுக் கட்டணம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. நாளுக்குச் சுமார் 46 ரூபாய், மூன்று வேளைக்கு. நம் தெருவில் இரண்டு இட்லி, ஒரு காபியோடு அது தீர்ந்துவிடும். (மொத்தமாக வாங்கிச் சமைப்பதால் சமாளிக்கிறார்கள்.) பழங்குடிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் ஏகலைவா உறைவிடப் பள்ளிகளுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுச் செலவாக 1,09,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. ஒரே மலையின் இரண்டு பிள்ளைகளுக்கு இவ்வளவு வித்தியாசம்.

வீட்டையும் மனத்தில் வைத்தது, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் குழந்தைகள் இடைநிற்காமல் இருக்க மாநில அரசு தரும் ஊக்கத்தொகை: 3 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 500 ரூபாய், ஆறாம் வகுப்பில் 1,000. தொகை சிறிதுதான். ஆனாலும் பெண் பள்ளிக்குப் போனால் வீட்டில் ஒரு வேலைக்கை குறைகிறது என்பதை அரசு ஒப்புக்கொண்ட இடம் இது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மாணவர்களுக்கான அப்ஸ்டடி உதவி 1969இல் தொடங்கியது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் இளையோருக்கான வாழ்க்கைப்படி பெற்றோருக்கும் போய்ச் சேருவதுண்டு.

பிள்ளையை விடுதியில் விட ஒருமுறை, திருவிழாவுக்கு அழைத்து வர ஒருமுறை, காய்ச்சல் என்று தகவல் வந்தால் ஒருமுறை. கூலியை இழந்து, பஸ் ஏறி, பெற்றோர் மலையிறங்குகிறார்கள். நீலகிரிக்கு 2024இல் பெண்களுக்கான விடியல் பயணத் திட்டம் வந்தபின் அம்மாவுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை, அப்பாவுக்கு உண்டு. பழங்குடியினருக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2024இல் அறிவித்த ‘தொல்குடி’ திட்டத்தில் இந்தப் பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் ஒரு தலைப்பு ஒதுக்க வேண்டும்.