கழுத்தைக் கட்டிக்கொண்ட குழந்தை

சர்வாதிகாரியைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? முடியும் என்று 1940-ல் சார்லி சாப்ளின் காட்டிவிட்டார். 2018-ல் வெளிவந்த 'டியர் டிக்டேட்டர்' என்ற அமெரிக்கப் படமும் அந்த வழியில் வந்த ஒரு சிறு கேலிப்படம்தான். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, தீவு நாடொன்றின் கொடுங்கோலனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவனும் பதில் எழுதுகிறான். நாட்டில் புரட்சி வெடித்ததும் ஓடி வந்து அவள் வீட்டிலேயே ஒளிந்துகொள்கிறான். தன்னை ஏளனம் செய்யும் சக மாணவிகளை ஆட்டங்காண வைக்க அவளுக்குப் பாடம் வேறு நடத்துகிறான்! மைக்கேல் கேன் அந்தக் கிழவனாக நடித்திருக்கிறார்.

நானும் சிரித்தேன். ஆனால் இப்படி ஒரு நட்பு சரித்திரத்தில் உண்டா என்று எண்ணியபோது, மாஸ்கோவில் எடுத்த ஒரு புகைப்படம் நினைவுக்கு வந்தது.

1936 ஜனவரி 27. பைக்கால் ஏரிப் பக்கத்துப் புரியாத் மக்களின் தூதுக்குழு கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தது. குழுவில் ஒருவர் அர்தான் மார்கிஸோவ். அந்தப் பிரதேசத்தின் விவசாய மந்திரி. உடன் வந்த மகள் கேல்யாவுக்கு ஆறேழு வயது. எங்கெல்ஸின் நினைவாக எங்கெல்சினா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர்களின் பிரசங்கம் அலுத்துப்போகவே, அவள் பூச்செண்டுகளை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டாலினிடம் போய்விட்டாள். அவர் தூக்கிக்கொண்டார், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காமிராக்கள் சும்மா இருக்குமா? படம் பத்திரிகைகளில் வந்தது. சுவரொட்டியாயிற்று; சிலையும் ஆயிற்று. குழந்தைக்குக் கைக்கடிகாரமும் கிராமபோனும் பரிசாகக் கிடைத்தன.

மறு வருஷமே தகப்பனார் கைதானார். ஜப்பானுக்கு உளவு பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. தாயார் சொல்லச் சொல்ல, குழந்தை தன் பெரிய சிநேகிதருக்குக் கடிதம் எழுதினாள். பூச்செண்டையும் அந்தச் சந்திப்பையும் நினைவூட்டி, அப்பா நல்லவர் என்று மன்றாடினாள். கடிதம் அவரைக் காப்பாற்றவில்லை. 1938-ல் சுட்டுக் கொன்றார்கள். தாயாரைக் கஜகஸ்தானுக்கு நாடு கடத்தினார்கள். 1940-ல் அவளும் அங்கே இறந்துபோனாள்.

இதற்குள் அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம். மக்கள் பகைவன் என்று கொன்றவனின் மகள் தலைவரின் அணைப்பில் இருக்கலாமா? ஊர் ஊராக நின்ற சிலைகளை எடுப்பதும் எளிதல்ல. சுலபமான வழி கண்டார்கள். சிலையில் இருப்பது பருத்தி பறிப்பதில் பேர்பெற்ற தாஜிக் சிறுமி மாம்லகத் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். முகம் இருந்தது, முகத்துக்கு உரியவள் இல்லை.

கேல்யா மாஸ்கோவில் உறவினர் வீட்டில் வளர்ந்து, கீழ்த்திசை நாடுகளைப் பற்றி ஆராயும் அறிஞரானார். கணவரோடு சில காலம் நம் இந்தியாவிலும் வசித்தார். 2004-ல் காலமானார்.

படத்துக் கொடுங்கோலன் ஆட்சியை இழந்த பிறகுதான் சிறுமிக்கு உண்மையான தோழனாகிறான். கதை எழுதியவர்கள் அறிந்து செய்தார்களோ, அறியாமல் செய்தார்களோ, அது சரியான இடம். அதிகாரம் கையில் இருக்கும்வரை அவனுக்குக் குழந்தை தேவையில்லை. குழந்தையின் படம் போதும்.