நான்கு நாள் மறைந்திருந்த பழுது

1983 பிப்ரவரி 25, நள்ளிரவு கடந்த நேரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் சேலம் அணு மின் நிலையம். முதல் உலையை மெல்லக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஆற்றல் 12 சதவீதத்தைத் தொட்டிருந்தது. திடீரென்று நீராவிக் கலனில் நீர்மட்டம் சரிந்தது. உலையை நிறுத்தச் சொல்லித் தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு கட்டளையிட்டது. உலை நிற்கவில்லை.

சுமார் 25 விநாடிகளில் பணியாளர்கள் கைவிசையால் நிறுத்தினார்கள். விபத்து நேரவில்லை.

கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தப் பிடிகள்தான் மேலே தாங்கி நிற்கின்றன. பிரேக்கர் திறந்து மின்சாரம் அறுந்தால், தண்டுகள் தம் எடையாலேயே விழுந்து அணுப்பிளவை அடக்கிவிடும். அதற்கென இரண்டு பிரேக்கர்கள். ஒன்று திறந்தாலே போதும். அன்று இரண்டுமே திறக்கவில்லை. மின்னழுத்தம் இறங்கியதும் தாழ்ப்பாளைத் தட்டிவிட வேண்டிய சிறு கருவி, தேய்ந்தும் மசகு வறண்டும் சிக்கிக் கிடந்தது. கைவிசை வேறொரு கருவியையும் இயக்கியதால்தான் உலை நின்றது.

மறுநாள் கணினிப் பதிவுகளைப் புரட்டியபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது. பிப்ரவரி 22 அன்றும் இதே பிரேக்கர்கள் திறக்கவில்லை! அன்று தானியங்கிக் கட்டளை வந்த அதே வேளையில் பணியாளர்களும் கைவிசையை இயக்கியிருந்தார்கள். தானாகவே நின்றது என்று எல்லோரும் நம்பினார்கள். பதிவை யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. உலை மீண்டும் கிளம்பியது.

இந்தப் பிரேக்கரைச் சுத்தம் செய்து மசகிட வேண்டும் என்று தயாரிப்பாளரான வெஸ்டிங்ஹவுஸ் 1974-லேயே எழுதியிருந்தது. சேலத்தின் பராமரிப்பு முறையில் அந்த அறிவுரை ஏறவே இல்லை. 1983 ஜனவரியில் பிரேக்கரைப் பராமரித்தவர்களின் கையிலும் அது இல்லை. ஒன்பது ஆண்டுகளாகக் காகிதத்தில் இருந்த எச்சரிக்கை, ஒரு சொட்டு எண்ணெயாக அந்தத் தாழ்ப்பாளை எட்டவில்லை.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 8,50,000 டாலர் அபராதம் விதித்தது. ஜூலையில் நாட்டின் எல்லா அணு மின் நிலையங்களுக்கும் கடிதம் போனது: உலை எதிர்பாராமல் நின்றால், காரணத்தை ஆராய்ந்த பிறகே மீண்டும் இயக்க வேண்டும், தயாரிப்பாளரின் எச்சரிக்கைகள் பராமரிப்பவரைச் சேர வேண்டும். பழுதைப் பதிவதும், பதிந்ததைப் படிப்பதும் பிரேக்கரைப் போலவே உலையின் பாதுகாப்புக் கருவிகள்தாம்.

சேலத்தில் எச்சரிக்கைக் காகிதம் உண்மை பேசியது; படிக்கத்தான் ஆளில்லை. காகிதமே பொய் சொன்னால்? 2013-ல் தென் கொரியாவை உலுக்கிய போலிச் சோதனைச் சான்றிதழ்களின் கதை, அடுத்த வாரம்.