வான்கூவர் பேராசிரியர்கள் போட்ட கணக்கு

ஒரு நகரம் எவ்வளவு நிலத்தில் நிற்கிறது என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எவ்வளவு நிலத்தைத் தின்று வாழ்கிறது? கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் திட்டமிடல் துறைப் பேராசிரியர் வில்லியம் ரீஸ் இந்தக் கேள்வியை 1992-இல் ஒரு கட்டுரையாக்கினார். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் மாதிஸ் வாக்கர்நாகல், 1994-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் அதற்குக் கணக்குமுறை வகுத்தார். 1996-இல் இருவரும் சேர்ந்து நூலே எழுதினார்கள். சூழலியல் காலடித்தடம் என்ற அளவுகோல் உலகெங்கும் பரவியது.

கணக்கு எளிமையானதுதான். ரொட்டிக்கு வயல், பாலுக்கும் இறைச்சிக்கும் மேய்ச்சல் நிலம், காகிதத்துக்கும் மரச்சாமானுக்கும் காடு, வீட்டுக்கும் சாலைக்கும் மனை. எரிபொருளுக்கு, அதை எரித்தால் கிளம்பும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காட்டின் பரப்பு. எல்லாவற்றையும் ஹெக்டேரில் கூட்டினால் ஆளுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். 1991 நிலவரப்படி சராசரிக் கனடியருக்குச் சுமார் 4.3 ஹெக்டேர். வான்கூவரை உள்ளடக்கிய கீழ் ஃபிரேசர் பள்ளத்தாக்கின் மக்களுக்கோ, அந்தப் பள்ளத்தாக்கைப் போல் சுமார் 19 மடங்கு நிலம் தேவைப்பட்டது.

2003-இல் வாக்கர்நாகல் முதலானோர் தொடங்கிய ‘குளோபல் ஃபுட்பிரின்ட் நெட்வொர்க்’ நாடுகளையே இப்படி அளந்தது. இறைச்சி சாப்பிடுவீர்களா, எதில் பயணம் செய்வீர்கள் என்று தனி ஆட்களைக் கேட்டுக் கணக்குச் சொல்லும் இணையக் கருவிகளும் வந்தன. ஆசிரியர்கள் அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆசிரியர்களை யார் அளப்பது?

அதுவும் அதே பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. இம்முறை அளவை ஹெக்டேர் அல்ல, டன் கணக்கில் கரியமில வாயு. ஆராய்ச்சியாளர் செத் வைன்ஸும் பேராசிரியர் சைமன் டோனரும் அலுவல் நிமித்தமான விமானப் பயணங்களை ஆராய்ந்து 2018-இல் அறிக்கை தந்தார்கள். வளாகத்தின் வெப்பமூட்டல், மின்சாரம் உள்ளிட்ட மொத்த இயக்கமும் ஓராண்டில் வெளியிடும் வாயுவில் 63 முதல் 73 சதவீதத்துக்கு நிகரான அளவு, மாநாடு, கருத்தரங்கு, களப்பணி என்று பறந்ததிலேயே கிளம்பியிருந்தது. விளக்கை அணைக்கச் சொல்லும் அறிவிப்புகளின் எல்லைக்கு வெளியே கிடந்த செலவு இது.

அடுத்த ஆண்டு வைன்ஸ், டோனர் குழு தனித்தனிப் பேராசிரியர்களை எடுத்துக்கொண்டது. சுற்றுச்சூழலை ஆராய்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பறக்கவில்லை. அதிகம் பறந்தவர்களின் ஆய்வுகள் அதனால் கூடுதல் மதிப்பெண் பெறவும் இல்லை. பணி மூப்பைக் கழித்துப் பார்த்த பிறகும், அதிகம் பறந்தவர்களின் சம்பளம்தான் அதிகமாக இருந்தது.