ஒட்டுக்கேட்கும் கணவர்கள்

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர் கோயில் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "பொண்டாட்டி போன்ல அவளுக்குத் தெரியாம ரெக்கார்டிங் ஆப் போட்டுத் தரச் சொல்லி ஒருத்தர் நிக்கிறார்டா. செஞ்சா கேஸ் ஆகுமா?"

சந்தேகம் பழசு, கருவிதான் புதுசு. தம்பதி தங்களுக்குள் பேசியதை, பேசியவர் சம்மதமில்லாமல் கோர்ட்டில் வெளியிடக்கூடாது என்றது 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு. அவர்களே ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டால் மட்டும் விலக்கு.

ஆந்திர உயர் நீதிமன்றத்தில் முன்பு ஒரு வழக்கு. மனைவி நண்பர்களோடும் பெற்றோரோடும் போனில் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிந்திருந்தார். பேச்சு உண்மையாகவே இருந்தாலும் இப்படிப் பதிந்தது சட்டவிரோதம், ஏற்க முடியாது என்றது கோர்ட். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனும், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்புப் பட்டியலை ஒதுக்கினார்.

2025 ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. பஞ்சாபிலிருந்து வந்த வழக்கு அது. விவாகரத்து வழக்கில் ரகசியப் பதிவைச் சாட்சியமாக எடுக்கலாம், 122-இன் விலக்கே அதற்கு இடம் தருகிறது என்றது. வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால், அந்தத் திருமணம் ஏற்கெனவே உடைந்துபோனதற்கு அதுவே அடையாளம் என்றும் சொன்னது.

ஆனால் அந்தக் கணவர் பதிந்தது, மனைவியோடு தானே பேசியதை. அவள் வேறொருவரோடு பேசுவதை ஒட்டுக்கேட்பது வேறு. கோர்ட் ஏற்கிறது என்பதாலேயே செய்தது சரியாகிவிடாது.

"போட்டுத் தராதடா," என்றேன்.

"அப்ப அவரு என்னதான் பண்ணுவாரு?"

"வீட்டுக்குப் போய் நேர்ல கேக்கச் சொல்லு."